ஃபர்பிடன் பிளானெட் (1956): ஷேக்ஸ்பியரின் தீவு விண்வெளிக்குப் போனபோது

முத்தியால்பேட்டை_ரசிகர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முடிவு உட்பட முழுக் கதையும் இந்த இழையில் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். இழை எங்கேயும் போய்விடாது.

போன சனிக்கிழமை எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் போட்டுப் பார்த்தோம். படம் முடிந்ததும் பேச்சு முழுக்க ஒரே பக்கமாகப் போனது. மார்பியஸ்தான் ப்ராஸ்பெரோ, அல்டேரா மிராண்டா, ராபி ரோபோ ஏரியல், அப்படியென்றால் காலிபன் யார்? ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி ஒவ்வொருவரையும் ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தோடு ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டாத இடம் வந்தால் "இங்கே கோட்டை விட்டுட்டான்" என்று தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒட்டாத இடத்தில்தான் இந்தப் படத்தின் உயிரே இருக்கிறது.

நாடகம் தெரியாதவர்களுக்காக: மிலான் நகரத்து ஆட்சியைத் தம்பியே பறித்துக்கொள்ள, ப்ராஸ்பெரோ குழந்தை மகளோடு ஒரு தீவில் வந்து ஒதுங்குகிறார். புத்தகம் கொடுத்த பலத்தில் பெரிய மந்திரவாதி ஆகிறார். ஏவலுக்கு ஏரியல் என்கிற காற்றாவி. விறகு சுமக்க, அந்தத் தீவிலேயே பிறந்த காலிபன். 12 வருஷம் கழித்து, எதிரிகள் போகிற கப்பலைப் புயலைக் கிளப்பித் தன் தீவுக்கு இழுக்கிறார். வந்தவர்களில் ஒரு இளவரசன்மேல் மகளுக்குக் காதல். கடைசியில் ப்ராஸ்பெரோ பழி வாங்காமல் மன்னித்து, மந்திரத்தையே கைவிட்டு ஊர் திரும்ப ஆயத்தமாகிறார்.

படத்தில் தீவுக்குப் பதில் அல்டேர்-4 என்கிற கோள். அல்டேர் வேறொன்றுமில்லை, நம் திருவோணம்தான். பூமியிலிருந்து ஏறக்குறைய 17 ஒளியாண்டு. ஆவணி மாதம் ராத்திரி பத்து மணி வாக்கில் நம் ஊரில் மாடிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தால் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். அங்கே 20 வருஷத்துக்கு முன்னால் போன பெல்லரஃபான் கப்பல்காரர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்க, கமாண்டர் ஆடம்ஸ் தலைமையில் ஒரு கப்பல் போகிறது. உயிரோடு இருப்பது டாக்டர் மார்பியஸும், அங்கேயே பிறந்த மகள் அல்டேராவும் மட்டும். இயற்கையாக இறந்துபோன அவர் மனைவியைத் தவிர, மற்ற அத்தனை பேரையும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கொன்றுவிட்டது. அந்தக் கோளில் ஒரு காலத்தில் வாழ்ந்த க்ரெல் இனம் 2 லட்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரே ராத்திரியில் அழிந்துபோனது. அவர்கள் விட்டுப்போன எந்திரம் பூமிக்கு அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் பொருளாக்குகிற எந்திரம். க்ரெல் இனம் ஒன்றை மட்டும் மறந்துவிட்டது. மனசுக்கு அடித்தளம் என்று ஒன்று உண்டு, தூங்கும்போதும் அது நினைக்கும்.

கொல்கிற பூதம் மார்பியஸ் தூக்கத்தில் பெற்றெடுத்தது. அவருக்கே தெரியாது.

நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் காலிபனைக் காட்டி ப்ராஸ்பெரோ ஒரு வார்த்தை சொல்வார்: இந்த இருட்டுப் பிறவி என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன் என்று. வேலைக்காரனை எஜமான் "இவன் என் ஆள்" என்று சொல்வதாக அதை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த 'மேலும்' என்பதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முழுப் படத்தையே கட்டியிருப்பதாக எனக்குப் படுகிறது. அதனால்தான் "காலிபன் யார்" என்று பாத்திரப் பட்டியலில் தேடினால் கிடைக்க மாட்டான். காலிபனைத் தனி ஆளாக வைக்காமல் ப்ராஸ்பெரோவுக்கு உள்ளேயே போட்டுவிட்டார்கள். டைட்டிலில் ஷேக்ஸ்பியர் பெயர்கூட இல்லை. படம் தன் காலிலேயே நிற்கிறது.

பார்த்தவர்கள் உங்களுக்குப் பட்டதைச் சொல்லுங்கள்.

நெய்வேலி_டவுன்ஷிப்

இந்த இழைக்காகவே கணக்குத் தொடங்கினேன்!

எனக்கு இந்தப் படம் என்றால் க்ரெல் எந்திரம்தான். ஒரு பக்கம் 20 மைல் நீளமுள்ள கனசதுரக் கட்டி. 32 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், புதுச்சேரியில் ஆரம்பித்தால் கடலூரையும் தாண்டிப் போகும். உள்ளே 7,800 தளம், 9,200 அணு உலை. இதை மார்பியஸ் வாயால் சொல்லும்போது நமக்கு வெறும் எண்தான். அடுத்து ஒரு ஷாட் வரும். கீழே அடி தெரியாத ஒரு குழி, குறுக்கே ஒல்லியாக ஒரு பாலம், அதில் மூன்று ஆட்கள் எறும்பு மாதிரி நடக்கிறார்கள். கேமரா மேலேயே நிற்கும், கிட்டே போகாது. எங்கள் ஊர்ச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தவர்களுக்கு அந்த அடிவயிற்றுக் கூச்சம் தெரியும். நிலக்கரி வெட்டுகிற சக்கர வாளி எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் வெறும் புள்ளியாகத் தெரிவார், எந்திரம் மட்டும் நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மனிதன் செய்ததுதான், ஆனால் மனிதன் அளவில் இல்லை. அந்த உணர்வை 1956இல், மினியேச்சரையும் ஓவியத்தையும் வைத்துக்கொண்டு கொண்டுவந்திருக்கிறார்கள். எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் அரங்கங்களை விட்டு ஒரு அடி வெளியே போகாமல் எடுத்த படம்.

இன்னொன்று, கதவு. க்ரெல் எப்படி இருப்பார்கள் என்று படம் கடைசிவரை காட்டாது. ஒரு சிலைகூட இல்லை. ஆனால் அவர்கள் கட்டிய வாசல்கள் மேலே குறுகி, கீழே அகன்று ஒரு விநோத வடிவத்தில் இருக்கும். இந்த வாசலைப் பார்த்து ஆளை ஊகித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறார்கள். இப்போது எடுத்தால் முழு உருவத்தையும் கம்ப்யூட்டரில் செய்து காட்டியிருப்பார்கள், நமக்கு நினைத்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

தேவனாம்பட்டினம்

அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எனக்கு ஒரு குறை இருக்கு.

நாடகத்துல எனக்குப் பிடிச்சதே முதல் காட்சிதான். கப்பல் புயல்ல மாட்டியிருக்கு. ராஜா, மந்திரி எல்லாம் மேல்தளத்துக்கு வந்து தொந்தரவு பண்றாங்க. கப்பல்ல வேலை பார்க்கிறவன் விரட்டுறான்: இந்த அலைக்கு ராஜான்னு தெரியுமா, உள்ள போங்க, எங்க வேலையைக் கெடுக்காதீங்கன்னு. கப்பல்ல யார் இருக்காங்கன்னு ஞாபகம் வெச்சுக்கோன்னு மந்திரி சொன்னா, என் உயிரை விட எனக்கு வேண்டியவங்க யாரும் இல்லைங்கிறான். நானூறு வருஷத்துக்கு முந்தி எழுதினது. எங்க ஊர்ல படகு ஓட்டுறவங்க இன்னிக்கும் இப்படித்தான் பேசுவாங்க. பாயை எப்ப இறக்கணும், மேல் மரத்தை எப்ப தாழ்த்தணும்னு அவன் கொடுக்கிற உத்தரவு எல்லாம் தொழில் தெரிஞ்சவன் பேச்சு.

2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறுச்சு. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாய்ஞ்சு கிடந்ததை நேர்ல பார்த்தவன் நான். அம்பது வருஷ மரம் எல்லாம் வேர் வானத்தைப் பார்க்கக் கிடந்துச்சு. அதுக்கப்புறம் புயல்னு பேர் வெச்ச நாடகத்தைப் படிக்கிறப்ப, இந்த ஆள் விளையாட்டுக்காகக் காத்தைக் கிளப்பி விடுறான்னு ப்ராஸ்பெரோ மேல எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு. கரையில நின்னுக்கிட்டு மிராண்டா அழுவா பாருங்க, கத்துறவங்க குரல் என் நெஞ்சுல வந்து அடிக்குதேன்னு, அந்த இடத்துல நானும் அழுதேன்.

படத்துல இது எதுவும் இல்ல. கப்பல் சொகுசா வந்து இறங்குது. புயல் இல்லாம என்ன புயல் கதை?

மஞ்சக்குப்பம்

தேவனாம்பட்டினம் அண்ணா சொன்ன மிராண்டாவைப் பிடித்துக்கொண்டே நான் வருகிறேன். எம்.ஏ. ஆங்கிலத்தில் இந்த நாடகம் எங்களுக்குப் பாடம்.

படத்தில் எனக்கு உறுத்தியது அல்டேராவை நடத்துகிற விதம். கப்பலில் வந்த ஒருவன் முத்தம் கொடுப்பது உடம்புக்கு நல்லது என்று கதை அளந்து அவளை ஏய்க்கிறான். கமாண்டர் அதைத் தட்டிக்கேட்காமல், நீ ஏன் இப்படி உடுத்துகிறாய் என்று அவளையே திட்டுகிறார். ஆணையே பார்க்காமல் வளர்ந்த பெண்ணுக்கு என்ன தெரியும்? தப்பு செய்தவனை விட்டுவிட்டு அவளுடைய துணியின் நீளத்தை அளக்கிற பேச்சை நம் தெருவிலும் தினம் கேட்கிறோம். 1956 என்று சொல்லி நான் விட்டுவிடத் தயாரில்லை, ஏனென்றால் 1611இலேயே ஷேக்ஸ்பியர் இதைவிட நன்றாகச் செய்திருக்கிறார். மிராண்டா தானே முன்வந்து, நீங்கள் சம்மதித்தால் நான் உங்கள் மனைவி என்று இளவரசனிடம் கேட்கிறாள். அப்பா போட்ட தடையை மீறித் தன் பெயரையும் சொல்கிறாள். வெட்கத்தை ஓரமாகப் போ என்று விலக்கிவிட்டுப் பேசுகிற பெண் அவள்.

ஆனால் இரண்டு இடத்தில் படம் அல்டேராவுக்கு நியாயம் செய்கிறது.

முதலாவது புலி. தோட்டத்தில் மான், புலி எல்லாம் அவளிடம் பூனைக்குட்டி போல வரும். ஆடம்ஸை அவள் மனதார முத்தமிட்ட உடனே, அதே புலி அவள்மேல் பாய்கிறது. ஆடம்ஸ் சுட்டுப் பொசுக்கிவிடுகிறார். அந்தப் புலிக்கு ஏன் என்னை அடையாளம் தெரியவில்லை என்று அவள் கேட்பாள், யாரும் முழுப் பதில் சொல்ல மாட்டார்கள். படம் முழுக்கப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது, பாய்ந்தது அப்பாவின் மனசு. அந்த விலங்குகளே க்ரெல் எந்திரத்தின் வழியாக மார்பியஸ் நினைப்பில் உண்டானவையாக இருந்தால், மகள் கையை விட்டுப் போகிறாள் என்று அவருக்கு உள்ளே எரிந்ததும் புலிக்கு வெறி வந்துவிட்டது. பிள்ளைப்பாசம் எந்த இடத்தில் கூண்டாக மாறுகிறது என்று இவ்வளவு சின்னக் காட்சியில் சொன்ன படம் வேறு எனக்கு நினைவில் இல்லை.

இரண்டாவது, கடைசியில் பூதம் உலோகக் கதவை உருக்கிக்கொண்டு வரும்போது, இவனைக் காதலிக்கவில்லை என்று சொல், அதற்குக் கேட்கும்படி சொல் என்று மார்பியஸ் கெஞ்சுகிறார். என்னால் முடிந்தாலும் சொல்ல மாட்டேன் என்கிறாள். உயிர் போகிற நேரத்தில். அந்த ஒரு பதிலில் அவள் மிராண்டா ஆகிவிடுகிறாள்.

லாஸ்பேட்டை_வாத்தியார்

இளைஞர்கள் இவ்வளவு ஆழமாகப் பேசுவதைப் படிக்க நிறைவாக இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். திரைப்படம் எனக்குப் பெரிதாகப் பழக்கமில்லை. பேரன் போட்டுக் காட்டினான்.

தழுவல் என்றால் மூலத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நம் இலக்கண மரபு அப்படிச் சொல்லவே இல்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல் மூன்றாகப் பிரிக்கிறது. வழிநூல் முதல்நூலோடு முடிவில் ஒத்துப்போனாலும், ஆசிரியன் தான் வேண்டிய வேறுபாட்டைக் கூட்டிக்கொள்ளலாம். சார்புநூலோ முன்னோர் நூலோடு ஒரு பகுதியில் மட்டும் ஒத்து, மற்றவற்றில் வேறுபட்டு நிற்பது. அதையும் நூல் என்றுதான் சொன்னார்கள், பிழை என்று சொல்லவில்லை. முத்தியால்பேட்டை நண்பர் சொல்கிற படம் சரியான சார்புநூல்.

கம்பரைப் பாருங்கள். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பர் அதைச் செய்யவில்லை. அவள் இருந்த குடிலோடு நிலத்தையே பெயர்த்து எடுத்துப் போவதாகப் பாடினார். கதைப்போக்கு அதேதான், ஆனால் காட்சி முழுக்கப் புதிது. வான்மீகத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு இங்கே மாற்றிவிட்டாரே என்று கம்பனைக் குறை சொல்கிறவர் கம்பனைப் படித்தவரே அல்ல. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணியத்துக்கு லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாட்டு ஒன்று மூலம். நாடகத்தைப் படிக்கும்போது அது நினைவுக்கு வருகிறதா? பாண்டிய நாட்டுக் கதையாகவே நிற்கிறது.

தேவனாம்பட்டினம் தம்பியின் குறை நியாயமானது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். புயல் இல்லையா, அல்லது புயல் இடம் மாறிவிட்டதா?

வில்லியனூர்_ஒலி

ஐயா, அருமை.

நான் ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறேன், என் காது போன பக்கத்தைச் சொல்கிறேன். இந்தப் படத்தில் வயலின் இல்லை, டிரம்பெட் இல்லை, ஒரு வாத்தியமும் இல்லை. முழுக்க மின்னணு ஒலியாலேயே பின்னணி அமைத்த முதல் திரைப்படம் இது. செய்தவர்கள் லூயிஸ் பாரன், பெபே பாரன் என்கிற தம்பதி. நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் சொந்த ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். எந்திரமும் உயிரினமும் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்வதைப் பற்றி நார்பர்ட் வீனர் 1948இல் எழுதிய சைபர்னெடிக்ஸ் புத்தகத்தைப் படித்து, அதில் சொன்ன முறையில் வால்வு சர்க்யூட்களை லூயிஸ் கையாலேயே கட்டினார். ஒவ்வொரு சர்க்யூட்டும் ஒரு பாத்திரம். மின்சாரத்தை அளவுக்கு மேல் செலுத்தினால் அது முனகும், கத்தும், பொங்கும், கடைசியில் கருகிச் செத்துப்போகும். செத்த சர்க்யூட் மறுபடி அதே சத்தத்தைத் தராது. டேப்பில் பிடித்தது மட்டும்தான் மிச்சம். மணிக்கணக்கான அந்த டேப்பைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்கி எடுத்தவர் பெபே. பிறகு வேகத்தைக் குறைத்து, திருப்பி ஓட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

இசைக்கலைஞர் சங்கத்தோடு சிக்கல் வரக்கூடாது என்று டைட்டிலில் 'இசை' என்றே போடவில்லை, 'மின்னணு நாதங்கள்' என்கிற மாதிரிப் போட்டார்கள். ஆஸ்கரில் இசைப் பிரிவுக்குள்ளும் போக முடியவில்லை.

ஹெட்போனில் ஒருமுறை பாருங்கள். மற்ற படங்களில் எது பின்னணி இசை, எது கதைக்குள் கேட்கிற சத்தம் என்று பிரித்துவிடலாம். இதில் முடியாது. க்ரெல் எந்திரத்தின் துடிப்பும், பூதம் விடுகிற மூச்சும், மார்பியஸின் மனக்கலக்கமும் ஒரே வகை ஒலியில் வருகின்றன. பூதம் யாருடையது என்று வசனம் சொல்வதற்கு ரொம்ப முன்னாலேயே காது சொல்லிவிடுகிறது. நாடகத்தில் இந்தத் தீவு முழுக்கச் சத்தங்கள் என்று காலிபன் பேசுகிற இடம் ஒன்று இருக்கிறதாமே, மஞ்சக்குப்பம் மேடம்? அதைப் படித்துவிட்டுச் செய்தார்களோ இல்லையோ, அப்படித்தான் வந்திருக்கிறது.

மஞ்சக்குப்பம்

ஆமாம் சார், மூன்றாம் அங்கம். பயப்படாதீர்கள், இந்தத் தீவு முழுக்கச் சத்தமும் இன்னிசையும்தான், அவை இன்பம் தரும், தீங்கு செய்யாது என்று காலிபன் சொல்வான். தூக்கத்தில் செல்வம் கொட்டுவது போலக் கனவு வரும், விழித்ததும் மறுபடி அந்தக் கனவுக்காக அழுவேன் என்பான். நாடகத்திலேயே அழகான வரிகளை அவன் வாயில்தான் கொடுத்திருக்கிறார்.

கடற்கரைச்சாலை

அந்த அழகான வரிகளைப் பேசுகிறவனைத்தான் படம் காணாமல் ஆக்கிவிட்டது. எனக்கு இழையின் தலைப்பதிவோடு கருத்து வேறுபாடு இங்கேதான்.

பிரெஞ்சு படித்தவர்களுக்கு எமே செசேர் தெரிந்திருக்கும். மார்ட்டினிக் தீவுக் கவிஞர். 1969இல் இந்த நாடகத்தையே எடுத்துத் திருப்பி எழுதினார். அவருடைய காலிபன் கறுப்பின அடிமை. மேடைக்கு வந்ததும் 'உஹுரு' என்று விடுதலை முழக்கத்தோடுதான் வாயைத் திறப்பான். நீ வைத்த பெயர் எனக்கு வேண்டாம், என்னை எக்ஸ் என்று கூப்பிடு என்பான். அந்த வேகத்துக்கு விதை ஷேக்ஸ்பியரிலேயே இருக்கிறது. இந்தத் தீவு என் அம்மா சிக்கொராக்ஸ் வழியாக எனக்கு வந்தது, நீ பறித்துக்கொண்டாய் என்று காலிபன் முதல் அங்கத்திலேயே முகத்துக்கு நேராகச் சொல்கிறான். நல்ல தண்ணீர் எங்கே, உப்புக் குழி எங்கே என்று எல்லாம் நான்தானே உனக்குக் காட்டினேன் என்கிறான். 1609இல் வர்ஜீனியாவுக்குக் குடியேறிகளை ஏற்றிப் போன 'சீ வென்ச்சர்' கப்பல் பெர்முடாவில் தரைதட்டிய செய்தி லண்டன் முழுக்கப் பேசப்பட்ட காலத்தில் எழுதிய நாடகம் இது. அடுத்தவன் மண்ணில் போய் இறங்குகிற கதை என்று எழுதியவருக்குத் தெரிந்தே இருந்தது.

படத்தில் என்ன செய்கிறார்கள்? மண்ணின் மைந்தர்களை 2 லட்சம் வருஷத்துக்கு முன்னாலேயே சாகடித்துவிட்டார்கள். கேள்வி கேட்க ஆளே இல்லாத கோள். அறிவை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், மார்பியஸ் வந்து எடுத்துக்கொள்கிறார். குடியேறுகிறவனுக்கு இதைவிட வசதியான கனவு உண்டா? நம் ஊரில் 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்தது. துமாஸ் வீதியிலும் சஃப்ரன் வீதியிலும் நடக்கும்போது இந்தக் கேள்வியை மனசிலிருந்து ஒதுக்கி வைக்க என்னால் முடிவதில்லை.

(இந்த நாடகம் அரசவையில் நடந்ததாகப் பதிவாகியிருக்கிற முதல் நாள் 1611 நவம்பர் 1. நம் ஊர் விடுதலை நாளும் நவம்பர் 1. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது, இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் எனக்கு ஞாபகம் வந்துவிடும்.)

படம் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. பிடித்திருக்கிறது. ஆனால் மார்பியஸ் தன்னை மட்டும்தான் எதிர்கொள்கிறார். ப்ராஸ்பெரோ இன்னொருவனையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

முத்தியால்பேட்டை_ரசிகர்

கடற்கரைச்சாலை, நீங்கள் சொன்ன இழப்பு உண்மையான இழப்புதான். அதை நான் மறுக்க மாட்டேன். தீவு என்னுடையது என்று சொல்கிற குரல் இந்தப் படத்தில் எங்குமே இல்லை. அந்தக் குரல் வேண்டுமென்றால் செசேரிடம்தான் போக வேண்டும். ஒரே நாடகத்திலிருந்து 13 வருஷ இடைவெளியில் ஒருவர் அடிமையின் கோபத்தை எடுத்தார், இன்னொரு கூட்டம் எஜமானின் தூக்கத்தை எடுத்தது. இரண்டும் எனக்கு வேண்டும்.

ஆனால் வசதியான கனவு என்று சொன்னீர்களே, அது மார்பியஸுக்கு எப்படி முடிகிறது என்று பாருங்கள். க்ரெல் கருவியில் தலையைக் கொடுத்து அறிவை இரண்டு மடங்காக்கிக்கொண்டவர் அவர். இந்த அறிவைக் காக்க நான் ஒருவனே தகுதியானவன், மனிதகுலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நானே கொடுப்பேன் என்கிறார். அப்படிப் பேசுகிறவரின் அடிமனசில் என்ன இருந்தது? ஊருக்குத் திரும்பலாம் என்று ஓட்டுப் போட்ட பெல்லரஃபான் கூட்டாளிகள் அத்தனை பேரையும் கிழித்துப்போட்ட வெறி. யாரும் இல்லாத மண்ணில் இறங்கினாலும் கொலை நடக்கிறது, ஏனென்றால் இறங்கினவனே அதைக் கொண்டுவந்துவிட்டான். குடியேறுகிறவனுக்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பு என்ன இருக்கிறது?

இப்போது வாத்தியார் ஐயா கேட்ட கேள்வி. புயல் இடம் மாறித்தான் இருக்கிறது, தேவனாம்பட்டினம் தம்பி. இரண்டு காட்சியை மறுபடி பாருங்கள்.

ஒன்று, ஒரு ராத்திரிக் காட்சி. கப்பலைச் சுற்றிக் காவல். மணல்தான், ஆள் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் வருகிறது. கப்பல் ஏணியின் படிகள் ஒவ்வொன்றாக அமுங்குகின்றன. மேலே யாரும் தெரியவில்லை, பாரம் மட்டும் ஏறிப்போகிறது. ஒரு ரத்தத் துளி காட்டாமல் எனக்கு முதுகு சில்லிட்ட காட்சி.

இரண்டு, கப்பலைச் சுற்றிப் போட்ட மின்வேலியில் நடக்கிற சண்டை. பூதம் வேலியில் மோதும்போதும், பீரங்கிக் கதிர் படும்போதும் மட்டும் அதன் உருவக்கோடு செந்நெருப்பாகத் தெரியும். டிஸ்னி ஸ்டூடியோவிலிருந்து ஜோஷுவா மீடர் என்கிற அனிமேட்டரை இரவல் வாங்கி வரைய வைத்த உருவம் அது. அதே நேரத்தில், தூரத்தில், மார்பியஸ் தன் ஆய்வறையில் மேசைமேல் தலை வைத்துத் தூங்குகிறார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அளவிக் கருவிகள், ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பத்து மடங்கு சக்தியைக் காட்டக்கூடியவை, வரிசையாக எரிந்துகொண்டே போகின்றன. மகள் அலறுகிறாள், அவர் திடுக்கிட்டு விழிக்கிறார், விளக்குகள் அணைகின்றன. அங்கே பூதம் காற்றோடு காற்றாகக் கரைந்துபோகிறது. ப்ராஸ்பெரோ விழித்திருந்து, திட்டம் போட்டுப் புயலைக் கிளப்பினார், யாருக்கும் ஒரு மயிரிழை கெடுதல் வராமல் பார்த்தும் கொண்டார். இவர் தூங்கிக் கிளப்புகிறார், தடுக்க முடியவில்லை. அதே புயல்தான். கடிவாளம்தான் இல்லை.

தேவனாம்பட்டினம்

ராத்திரியே மறுபடி போட்டுப் பார்த்தேன் அண்ணே. அந்த ஏணிப்படி அமுங்குற இடத்துல வீட்ல எல்லாரும் வாயடைச்சுப் போயிட்டாங்க.

கப்பல்காரங்களைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். சமையல்காரன் ராபிகிட்ட ஒரு பாட்டில் விஸ்கியைக் கொடுத்து இதே மாதிரி வேணும்கிறான். அது பாட்டில்ல இருந்ததைத் தனக்குள்ள ஊத்திப் பார்த்துட்டு 60 காலன் போதுமான்னு கேட்குது. நாடகத்துல குடிச்சிட்டு உளர்ற ஸ்டெஃபானோ, ட்ரிங்குலோ கூட்டத்தோட சாயல் அங்க வந்துடுது. காலிபனுக்கு ஊத்திக் கொடுத்தது அவங்கதான்.

ராபி பத்தி யாரும் பேசலையே?

நெய்வேலி_டவுன்ஷிப்

நான் பேசுகிறேன்! ராபியை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் கினோஷிடா. 1965இல் வந்த 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடரின் ரோபோவும் அவர் கைவேலைதான். தலைக்குள் சுழல்கிற சக்கரங்கள், பேசும்போது வாயில் ஒளிர்கிற நீல விளக்கு என்று ஒவ்வொன்றிலும் அக்கறை தெரியும். 2017இல் அந்த ரோபோ ஏலத்தில் 53 லட்சம் டாலருக்கு மேல் போனது.

ஆனால் ராபியை ஏரியல் என்று அப்படியே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏரியல் எப்போது விடுதலை, எப்போது விடுதலை என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ராபி கேட்காது. ராபியின் பெரிய காட்சி வேறு. பூதத்தைக் கொல் என்று மார்பியஸ் ஆணையிட்டதும் அது அசையாமல் நின்று, உள்ளே பொறி பறந்து செயலற்றுப் போகும். மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பது அதன் அடிப்படைக் கட்டளை. பூதம் மார்பியஸ்தான் என்று மார்பியஸ் ஒத்துக்கொள்வதற்கு முன்னாலேயே ராபிக்குத் தெரிந்துவிட்டது. அந்த எந்திரம் வாயால் சொல்லவில்லை, நின்றுபோய்ச் சொல்கிறது.

மஞ்சக்குப்பம்

ஏரியல் ஒரு வேலையை மட்டும் அச்சு அசலாக ராபி செய்கிறதே! எதிரிகள் படுகிற வேதனையைப் பார்த்தால் உங்கள் மனம் இளகும் என்று ஏரியல் சொல்லும். உனக்கு அப்படியா தோன்றுகிறது என்று ப்ராஸ்பெரோ கேட்டால், நான் மனிதனாக இருந்தால் என் மனம் இளகும் ஐயா என்னும். அந்தப் பதிலில்தான் ப்ராஸ்பெரோ மன்னிக்கிற பக்கம் திரும்புகிறார். மனிதன் அல்லாத ஒன்று மனிதனுக்கு உண்மையைக் காட்டுவது இரண்டிலும் இருக்கிறது.

லாஸ்பேட்டை_வாத்தியார்

மிக நன்று, அம்மா. முடிவைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். ப்ராஸ்பெரோ ஊருக்குத் திரும்புகிறார். மார்பியஸ் ஏன் திரும்பவில்லை?

முத்தியால்பேட்டை_ரசிகர்

ஐயா, எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ப்ராஸ்பெரோ தன் இருட்டை ஒப்புக்கொள்கிறார், மந்திரக்கோலை முறிக்கிறேன், புத்தகத்தைக் கடலில் ஆழ்த்துகிறேன் என்கிறார், பிறகு வெறும் கிழவராக மேடையின் முன்னால் வந்து நின்று, கைதட்டி என்னை விடுவியுங்கள் என்று நம்மிடம் கேட்கிறார். அவருக்கு நேரம் இருந்தது. மார்பியஸுக்கு அந்த ஒப்புதல் கதவு உருகுகிற நொடியில்தான் வருகிறது. குற்றவாளி, நான் குற்றவாளி என்று கத்துகிறார். அடுத்த மூச்சில், உன்னை மறுக்கிறேன், உன்னைக் கைவிடுகிறேன் என்று பூதத்தின் எதிரே போய் விழுகிறார். தன்னில் ஒரு பாதியைக் கைவிட்டவர் பிழைக்க முடியாது. சாகும் முன் அழிவு விசையைத் திருப்பச் சொல்லி, கோளையே அதன் எந்திரத்தோடும் அறிவோடும் வெடிக்க வைத்துவிடுகிறார். புத்தகத்தை ஆழ்த்துகிற அதே செயல், ஆனால் கூடவே தீவும் போய்விட்டது.

இங்கே ஆடம்ஸின் கப்பலில் வந்த டாக்டர் ஆஸ்ட்ரோவையும் சொல்ல வேண்டும். க்ரெல் கருவியில் தலையைக் கொடுத்துச் சாகிற நேரத்தில் உண்மையை ஆடம்ஸிடம் சொல்லிவிட்டுப் போகிறவர் அவர்தான். நாடகத்தில் அவருக்கு ஈடான ஆளே கிடையாது. பொருத்தம் பார்க்கிறவர்கள் அவரைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள், படமோ அவர் இல்லாமல் நகராது.

பாகூர்_புதியவர்

வணக்கம். இழை முழுக்கப் படித்தேன். நான் படமும் பார்த்ததில்லை, நாடகமும் படித்ததில்லை, இருந்தும் படித்து முடிக்கும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை. எதை முதலில் தொடங்கலாம்? வீட்டில் பத்து வயதுப் பையன் இருக்கிறான், கூட உட்காரலாமா?

மஞ்சக்குப்பம்

படத்தை முதலில் பாருங்கள் அண்ணா. 98 நிமிஷம்தான். நாடகத்தை அப்புறம் எடுத்தால் காலிபன் பேசும்போதெல்லாம் உங்களுக்கு அந்த மூச்சுச் சத்தம் கேட்கும். முதலில் நாடகம் படித்தவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்காது. பையன் தாராளமாகப் பார்க்கலாம், ராபியை விடவே மாட்டான். மின்வேலிக் காட்சி வரும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள்.

வில்லியனூர்_ஒலி

லேப்டாப் ஸ்பீக்கரில் போடாதீர்கள். கனமான ஒலிகள் மொத்தமும் காணாமல் போய்விடும். நல்ல ஸ்பீக்கர் இல்லாவிட்டால் ஹெட்போன். சினிமாஸ்கோப் என்கிற அகலத்திரைப் படம் என்பதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். அதைப் போக்க ஜூம் செய்தால் பாலத்தில் நடக்கிற அந்த மூன்று பேரும் ஓரத்தில் வெட்டுப்பட்டுவிடுவார்கள்.

முத்தியால்பேட்டை_ரசிகர்

பாகூர் நண்பரே, அடுத்த மாதம் மறுபடி மாடியில் போடுகிறோம், பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வில்லியனூர் நண்பர் ஸ்பீக்கர் கொண்டுவருவதாகத் தனிச்செய்தியில் சொல்லியிருக்கிறார். கடற்கரைச்சாலை, அன்றைக்குச் செசேர் நாடகத்தில் காலிபன் முதலில் வருகிற காட்சியை நீங்கள் தமிழில் சொல்லிக்காட்டினால் அதன் பிறகே படத்தை ஓட்டலாம் என்று இருக்கிறோம். முடியுமா?

கடற்கரைச்சாலை

முடியும். காலிபன் வசனத்தைத் தேவனாம்பட்டினம் தம்பி பேச வேண்டும், எஜமானுக்கு எதிராகப் பேசுகிற குரல் அவரிடம் இருக்கிறது. மொழிபெயர்த்து இரண்டு நாளில் அனுப்புகிறேன்.

தேவனாம்பட்டினம்

அனுப்புங்க, பேசுறேன்.